தேய்த்து அழித்த எண்

பழைய லாரியை ஆறு வருடம் இழைத்து இழைத்துப் புதுப்பித்த வெல்டர், துருவோடு சேர்த்து, சட்டத்தில் பொறித்திருந்த சேசிஸ் எண்ணையும் கிரைண்டரால் தேய்த்துத் தள்ளிவிட்டார். எண் இல்லாத வண்டியைப் பதிவு செய்ய முடியாதென்று அதிகாரி கையை விரித்தார். உழைப்பை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

வெல்டருடைய சகலையோ தன் லாரியைத் துடைக்கக்கூட இல்லை. துருவுக்கடியில் எண் பத்திரமாக இருந்தது. ஒரே நாளில் பதிவாகிவிட்டது. வெல்டருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"சோம்பேறித்தனத்துக்கும் ஒரு மரியாதை இருக்கு பாத்தீங்களா, சகலை?" என்று சிரித்தபடி சகலை தன் வண்டியை வெல்டரின் பட்டறைக்குள் விட்டார். "இதையும் உங்க வண்டி மாதிரியே பளபளன்னு ஆக்கிக் குடுங்க."

"என் வண்டி மாதிரியேவா?"

"அப்படியே."

வெல்டர் கிரைண்டரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எண்ணையே வெகுநேரம் முறைத்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, அதன்மேல் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டினார்.