திராட்சைத் தோட்டத்துச் சாப்பாட்டுக் கூடம்

1. கை கழுவ ஓர் இடம்

எண்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் எனக்கு ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. வீடு, ரைஸ் மில், லாட்ஜ் என்று எது வந்தாலும் பிளான் போட்டுக் கொடுப்பேன். திராட்சைத் தோட்டத்துக்குச் சாப்பாட்டுக் கூடம் வேண்டும் என்று ஒருவர் வந்தபோது, கல்யாண மண்டபம் கட்ட ஆசைப்பட்டுச் சுற்றி வளைத்துப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் பெயர் வரதராஜன். சின்னாளபட்டிப் பக்கம் பன்னீர் திராட்சை போட்டிருந்தார். கொடிக்கு அடிக்கும் மருந்துக்கு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கலக்குவார்கள். கலக்கியவர் கை நீலமாகிவிடும். அந்தக் கையோடு கொடிப் பந்தலுக்கடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பதுதான் அங்கே வழக்கம். அப்படிச் சாப்பிட்ட பேச்சியம்மாள் என்ற பெண் வாந்தியெடுத்து விழுந்து, பெரியாஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்திருந்தாள். வரதராஜன் ரொம்பவே பயந்து போயிருந்தார்.

"கையக் கழுவிட்டு நெழல்ல உக்காந்து சாப்பிடணும் சார். எல்லாரும். அம்புட்டுதான் கேக்குறேன்" என்றார்.

கேட்டது சின்ன விஷயம். வேலை எனக்குப் பிடித்துவிட்டது. மருந்து வாடை வராத மேல்காற்றுப் பக்கமாக இடம் பார்த்தேன். இடுப்பளவு கல் சுவர், அதற்கு மேல் கூரை வரை திறப்பு. சுவருக்குச் சுவர் இரும்புச் சட்டம், டிரஸ் என்போம், போட்டு மேலே ஓடு. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. உட்காரக் கடப்பைக்கல் பெஞ்சுகள். வாசல் வராந்தாவில் நீளமாக ஒரு கை கழுவும் தொட்டி, வரிசையாகக் குழாய்கள். குழாயைத் தாண்டாமல் யாரும் சோற்றுக்குப் போக முடியாது. இந்த யோசனைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

2. வாட்டம்

அஸ்திவாரம் எடுக்கும்போது தோட்டத்துக் கங்காணி வந்தார். ஆட்களை வேலை வாங்குபவர் அவர்தான். பிளானை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தொட்டில தண்ணி வாட்டம் எங்கிட்டு சார்?"

இடமிருந்து வலம் என்றேன். அவர் முகம் மாறியது. தோட்டத்துக்கு ஆட்கள் ஒரே ஊரின் மேலத்தெருவிலிருந்தும் கீழத்தெருவிலிருந்தும் வந்தார்கள். அது என்ன வித்தியாசம் என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கீழத்தெரு ஆள் முந்தி வந்து இடப்பக்கம் நின்றுவிட்டால், அவன் கை கழுவிய தண்ணீர் மேலத்தெருக்காரர் முன்னால் ஓடி வரும். கங்காணியின் கவலை அதுதான். அவர் மேலத்தெரு.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வேலை நிற்கக்கூடாது. இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவுக்கு வாட்டம் கொடுத்து, நடுவில் வடிகுழாய் வைத்தேன். தெருவுக்கு ஓர் ஓரம் என்றானதில் கங்காணிக்குத் திருப்தி. இரண்டு தண்ணீரும் ஒரே குழாயில்தான் இறங்குகின்றன என்பதை அவர் யோசிக்கவில்லை, நானும் எடுத்துச் சொல்லவில்லை.

அடுத்து, கூடத்துக்கு நடுவே ஒரு சுவர் கேட்டார். காற்றோட்டம் கெட்டுப்போகும் என்றேன். அவர் விடவில்லை. பிறகு பார்க்கலாம் என்று வரதராஜன் ஒத்திப்போட்டார்.

3. கவாத்துப் பருவம்

கூடம் திறந்த நாளிலிருந்து கீழத்தெரு ஆட்கள் கை கழுவி உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேலத்தெருவார் ஒருவர்கூட வரவில்லை. நீலக் கையோடு பழையபடி பந்தலுக்கடியிலேயே சாப்பிட்டார்கள். வரதராஜன் எனக்கு ஆள் அனுப்பினார்.

காய்ப்புக்காகக் கொடிகளைக் கழித்துவிடும் கவாத்து நேரம் அது. அந்தக் கைப்பழக்கம் மேலத்தெரு ஆண்களிடம்தான் இருந்தது. அவர்கள் நின்றுகொண்டால் அந்தப் பருவமே போய்விடும்.

"சுவர வச்சுருவோம் சார்" என்றார் வரதராஜன். "இல்லாட்டி இவுங்க உள்ள வரமாட்டாங்க. இன்னொரு ஆளு விழுந்தா நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கீழத்தெருப் பேச்சியம்மாள் தொட்டியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துச் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"வைங்க மொதலாளி. ஒங்க எடம். ஆனா சுவரு வந்த அன்னைக்கு நாங்க பந்தலுக்குப் போயிருவோம். நான் ஒருக்கா செத்துப் பொழச்சவ. மருந்தத் தின்னாலும் திம்பேன், அந்தச் சுவத்துக்கு இங்கிட்டு உக்காந்து திங்க மாட்டேன்."

அதற்குப் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. சுவர் வேண்டுமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். வரதராஜன் கொடிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கங்காணியைக் கூப்பிட்டு, சுவர் கிடையாது, பந்தலுக்கடியில் இனி யாரும் சட்டியைத் திறக்கவும் கூடாது என்றார்.

மேலத்தெரு ஆட்கள் சில நாள் வேலைக்கு வரவில்லை. ஒரு பகுதி கவாத்து தப்பிப்போய், அந்த முறை அங்கே காய்ப்பே இல்லை. பிறகு பெண்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் ஆண்கள். உள்ளே வந்து ஒரு கோடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு பெஞ்சு காலியாகவே கிடந்தது. செங்கல் இல்லாமலே சுவர் கட்டிவிட்டார்களே என்று எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. கங்காணி கடைசிவரை உள்ளே வரவில்லை, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தார்.

அடுத்த அறுவடையில் உடைந்த ஓடுகளை மாற்றும் வேலையாகப் போயிருந்தேன். பழம் பறிக்க ஆள் அதிகம், கூடம் நிறைந்திருந்தது. மேலத்தெருப் பெண் ஒருத்தி பிந்தி வந்து, தன் பக்கம் இடமில்லாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பசி போலிருக்கிறது. அந்தக் காலி பெஞ்சில் உட்கார்ந்து சட்டியைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி வந்து, "செத்தத் தள்ளி உக்காரு" என்றாள். பேச்சியம்மாள்.

அவள் தள்ளி உட்கார்ந்தாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கட்டடம் கட்டி யாரையும் திருத்த முடியாது. ஆனால் என்றைக்காவது ஒருநாள் ஒருத்தி தள்ளி உட்கார நினைக்கும்போது, அங்கே நாம் கட்டிய சுவர் இருக்கக்கூடாது.