எழுபது வளைவு, எட்டு லிட்டர்

கொல்லிமலையின் எழுபது வளைவுகளிலும் சைக்கிளை ஓர் இடத்தில்கூடத் தள்ள மாட்டேன் என்று போன வாரம் இதே பக்கத்தில், என் பத்தியில் எழுதியிருந்தேன். எழுதுவதற்குக் கியர் தேவையில்லையே!

நின்று மூச்சு வாங்கலாம். தள்ளக் கூடாது. அதுதான் சபதம். எங்கள் புதுக்கோட்டை சைக்கிள் குழுவின் அட்மின் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். வாட்ஸ்அப் இல்லாத வீடுகளுக்கு என் அம்மா நேரில் போய்ச் சொல்லிவிட்டார்.

நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. சும்மா சொல்லவில்லை – தாசில்தார் ஆபீஸ் சான்றிதழே இருக்கிறது. அப்படிப்பட்டவள் திட்டம் போடாமல் கிளம்புவேனா? பஞ்சர் கிட், பிஸ்கட், மாற்றுத்துணி... தண்ணீர் எட்டு லிட்டர்.

எட்டு லிட்டரா என்கிறீர்களா? எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் மேல் நம்பிக்கை கிடையாது. கீரனூருக்கு பஸ்ஸில் போனாலே இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்கிறவர்கள் நாங்கள். முதல் நாள் வழியெல்லாம் கடையில் வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டு போர்வெல் தண்ணீரை ‘அவசரத்துக்கு’ என்று தொடாமல் வைத்திருந்தேன்.

மறுநாள் காலை மலை. பன்னிரண்டாம் வளைவிலேயே பாறையில் ஊற்று வழிந்துகொண்டிருந்தது. பதினைந்தில் இன்னொன்று. பார்க்காத மாதிரி மிதித்தேன்.

முப்பத்தெட்டாம் வளைவில், தலையில் பலாப்பழத்தோடு ஒரு அக்கா என்னை ஓவர்டேக் செய்தார். நடந்து.

“என்ன விக்கறே பொண்ணு?” சைக்கிளின் இரு பக்கமும் தொங்கிய பைகளைப் பார்த்துத்தான் கேட்டார்.

“விக்கலீங்க... சுத்திப் பாக்க... வந்தேன்.”

“பஸ் இருக்குதே?”

“தெரியும். நான்... எம்.காம்... படிச்சிருக்கேன்.”

இதை ஏன் சொன்னேன்? மூச்சுத் திணறும்போது எது கைவசம் இருக்கிறதோ அதுதானே வெளியே வரும்?

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “படிச்சுமா?”

நாற்பத்திரண்டில் கால் ஊன்றி நின்றுவிட்டேன். அந்த அக்காவும் அங்கேதான் பழத்தை இறக்கிவைத்து உட்கார்ந்திருந்தார். என்னோடு கிளம்பி முன்னால் போயிருந்த அட்மின் திரும்பி இறங்கிவந்து, என் பையைத் தூக்கிப் பார்த்தார்.

“ஏம்மா, உள்ள என்னத்த வச்சிருக்கீங்க, அம்மிக்கல்லா?”

“தண்ணிண்ணே. நம்ம வீட்டுத் தண்ணி.”

“மலைக்குத் தண்ணி கொண்டாந்த மொத ஆளு நீங்கதான். கீழ கொட்டுங்க. கொட்டிட்டு மிதிச்சா தள்ளாம ஏறிரலாம். இல்லாட்டி... ஒங்க பத்தி, ஒங்க மானம். நான் ஒண்ணும் சொல்லல.”

விஷயம் எளிது. தண்ணீரைக் கொட்டினால் சொன்ன சொல் நிற்கும். மூடியைத் திறந்தேன். பாட்டிலைச் சாய்க்கப் போனேன்... கை வரவில்லை.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும் நாளில் கல்யாணத்துக்குக்கூட யாரும் போவதில்லை. என் எம்.காமில் பாதியை நான் குடத்தோடு வரிசையில் நின்றுதான் படித்தேன். அந்தக் கையைப் போய்க் கொட்டச் சொன்னால்?

“நீங்களே கொட்டுங்கண்ணே” என்று பாட்டிலை நீட்டினேன்.

வாங்கினார். சாலையோரத்துக்குப் போனார். பாட்டிலைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். அவரும் எங்கள் ஊர்தானே! திரும்பி வந்து கொடுத்தார்.

“மூடிருங்க” என்றார், மெதுவாக.

“கொட்டறதுக்கு எனக்காச்சும் குடு, தாகமா இருக்குது” என்று அந்த அக்கா வாங்கி ஒரு மடக்கு குடித்தார். உடனே துப்பினார். “ஐய, உப்புக் கரிக்குது! இதையா மேல ஏத்தறீங்க ரெண்டு பேரும்?”

மூடியை இறுக்கினேன். சைக்கிளை விட்டு இறங்கினேன். மிச்சம் இருபத்தெட்டு வளைவுகளிலும் சைக்கிளைத் தள்ளினேன். ஆமாம், தள்ளினேன். கேலிக் கடிதங்களைத் தாராளமாக அனுப்பலாம். எட்டு லிட்டரும் – அந்த அக்கா துப்பியது போக – பத்திரமாக மேலே வந்து சேர்ந்தது.

மாலையில் அருவிக்குப் போனோம். ஆயிரம் லாரித் தண்ணீர் ஒரே நேரத்தில் விழுவதுபோல் விழுந்துகொண்டிருந்தது. இரவு பகலாக இப்படித்தானாம். எப்போது பார்த்தாலும் செல்ஃபி எடுக்கும் அட்மின், போனைக்கூட வெளியே எடுக்கவில்லை.

இரண்டு பேரும் வெகுநேரம் நின்று தேடினோம். கீழே பிடித்துவைக்க ஒரு குடம்கூட இல்லை.