இரட்டைப் பின்னல்

இது நான் ஜோடித்த கதை இல்லை. சித்தி கேட்டால் கற்பனை என்பாள். சொல்லிக்கொள்ளட்டும். அன்று என் மடியில் கைக்கடிகாரம் இருந்தது. ஒவ்வொரு நேரமும் இந்த நோட்டில் இருக்கிறது.

பத்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது, வீட்டில் எனக்காகப் பேசியவள் சித்தி ஒருத்திதான். அம்மாவின் தங்கை. புகைப்படம், வீடியோ, ஆட்களை வைத்து நிகழ்த்தும் காட்சி... இதுதான் அவள் தொழில். "ஏய் ஊமைக்கொட்டான், என்கூட வா. வாயத் திறக்காத ஆளுதான் எனக்கு வேணும்" என்று கூட்டிப்போனாள். அவளுக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

ஒருநாள் என்னையே கேமரா முன்னால் உட்காரச் சொன்னாள்.

"மூஞ்சி தெரியாதுடி. முதுகு மட்டும்தான். நாப்பது நிமிஷம். என்ன ஆனாலும் திரும்பக் கூடாது."

ஸ்டுடியோ ஜன்னல்களில் கறுப்புத் துணி. தலைக்கு மேல் ஒரே ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. சுவரைப் பார்த்து நாற்காலி. பின்னால் கேமரா. என் ஒற்றைப் பின்னலை அவிழ்த்து, முடியை முதுகில் பரப்பிவிட்டாள்.

பிற்பகல் 2.10. "கீழ போய் டீ குடிச்சிட்டு வரேன்." கதவு சாத்தப்பட்டது. வெளியே மரப்படி. பூனை இறங்கினாலும் தடதடக்கும். அன்று சத்தமே இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள் போல என்று நினைத்தேன்.

2.24. பின்னால் தரைப்பலகை கிரீச்சென்றது.

"சித்தி?"



2.26. ஒரு விரல்... நெற்றியிலிருந்து பிடரி வரை மெதுவாக வகிடு எடுத்தது. ஈரமான விரல். பனிக்கட்டிபோல் குளிர்.

திரும்பவில்லை. சித்தி சொல்லியிருந்தாளே.

2.31. முடியை மூன்றாகப் பிரித்தது. பின்னியது. இறுக்கி... இறுக்கி...

2.40. மறுபக்கம்.

2.50. எல்லா விளக்குகளும் எரிந்தன. சித்தி நின்றிருந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

என் இரு தோளிலும் பின்னல்கள். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொள்வேனே, அப்படியே.

"நீயா பின்னுன, சித்தி?"

"நான் கீழதான இருந்தேன்."

அவள் ஆச்சரியப்படவில்லை. முதலில் கேமராவைத்தான் பார்த்தாள்.

கண்காட்சியில் அந்த வீடியோ சுவரளவுக்கு ஓடியது. என்னைத் தவிர ஆளே இல்லை. முடி தானாகப் பிரிந்து, தானாகப் பின்னிக்கொண்டது. "என்னமா ட்ரிக் பண்ணியிருக்காங்க!" என்று கைதட்டினார்கள். ஒலி மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "சத்தமில்லன்னாதான் பயமா இருக்கும்" என்றாள்.

ஒரு மாதம் கழித்து, பழைய வீடியோக்களை வேறு டிஸ்க்கில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. அந்தப் பின்னல் வீடியோவின் அசலும் அதில் இருந்தது. ஹெட்போன் மாட்டினேன்.

கதவுச் சத்தம்.

பதினான்காவது நிமிடம். கிரீச்.

என் குரல். "சித்தி?"

அடுத்து, மைக்குக்கு மிக அருகில்... அன்று என் காதுக்கு எட்டாத கிசுகிசுப்பில்... சித்தியின் குரல்.

"இவதான். சொன்னேன்ல... இவ கத்தமாட்டா."