எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம்

வெல்டன் ப்ரூயிட் மேற்கு டெக்சாஸில் இருபத்தாறு வருஷமாக எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றி வருகிறவர். விடிவதற்கு முன் வண்டியைக் கிளப்ப வேண்டும். ஒவ்வொரு தொட்டியாக ஏறி மட்டம் பார்க்க வேண்டும். நின்றுபோன பம்பை ஓட வைத்துவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போக வேண்டும். கிறிஸ்துமஸுக்கும் லீவு கிடையாது. மனைவி ரோன்டாவை அடக்கம் செய்த மறுநாள்கூட பாதிக் கிணறுகளை அவரே பார்த்தார். மீதியைக் கூட வேலை செய்யும் லெஸ்டர் பார்த்துக்கொண்டான்.

ரோன்டா போனபோது மகன் கோல்டருக்குப் பன்னிரண்டு வயது. பந்தை வெகுதூரம் எறியும் கை அவனுக்கு இருந்தது. அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்காக வருவான் என்று ஊரில் சொன்னார்கள். பந்தைக் கையில் வாங்கி, எதிராளி வந்து மோதுவதற்குள், யாருக்கு எறிவது என்று மூன்று நொடியில் முடிவு செய்கிறவன்தான் குவார்ட்டர்பேக். அந்த இடத்தில் ஒருவன் ஆடினால் அடுத்தவன் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட பையன்களுக்கு அந்தப் பக்கத்து அப்பாக்கள் ஒரு காரியம் செய்வார்கள். எட்டாம் வகுப்பு பாஸான பையனையே மறுபடி எட்டில் உட்கார வைப்பார்கள். ஒரு வருஷம் கூடுதலாக வளர்ந்து, எலும்பு கனத்து, உயர்நிலைப் பள்ளிக்குப் போகட்டும் என்றுதான்.

"என் பயலுக்கு நான் செய்யலையா? நாலு அங்குலம் வளந்தான்யா," என்றான் லெஸ்டர். "நீ பாட்டுக்கு அனுப்பி வச்சா உன் மகனை நசுக்கிப்புடுவானுங்க."

கோல்டரிடம் சொன்னபோது அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான். "அப்பா, நான் ஏற்கெனவே ஒரு வருஷம் லேட்டுதானே? நெஞ்சுல சளின்னு அம்மா என்னை அஞ்சுல சேக்காம ஆறு வயசுலதானே சேத்தாங்க?"

"அது சின்னப்புள்ள கிளாஸ்டா. அதையெல்லாம் எவன் பாக்குறான்?"

பள்ளிக்கூடக் காகிதங்களையெல்லாம் பார்த்தது ரோன்டாதான். வெல்டனுக்கு அந்த ஒரு வருஷம் மனதில் பதியவே இல்லை.

கோல்டர் மறுபடி எட்டிலேயே உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு லப்பக் நகரத்தில் ஒரு பயிற்சியாளரிடம் போனார்கள். அவர் முதல் மூன்று மாதம் பந்தையே கொடுக்கவில்லை. பின்னால் மூன்று அடி, நில். பின்னால் ஐந்து அடி, நில். "கை எறியுதுன்னு நினைக்காத தம்பி, காலுதான் எறியுது," என்பார். வெல்டன் வண்டியிலேயே தூங்குவார். திரும்பும் வழியில் பையன் தூங்குவான்.

ஒன்பதாம் வகுப்பில் தினமும் சவரம் செய்துகொண்டு வந்தவன் கோல்டர் ஒருவன்தான். பந்து அறுபது கஜம் போனது. ஊரே எழுந்து நின்று பார்த்தது. அதற்குப் பிறகு அவன் வளரவில்லை. பதினோராம் வகுப்புக்குள் மற்றவர்கள் அவன் உயரத்துக்கு வந்து அதைத் தாண்டியும் போனார்கள். அவனிடம் மிஞ்சியது அவசரமில்லாமல் கற்றுக்கொண்டதுதான். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்தே பந்து எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிடுவான். புதிதாக வந்த கோச் பர்க்ஹால்டருக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே கடைசி வருஷத்துப் பையன் ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான்.

"பொறுத்துக்கோ. அடுத்த வருஷம் உன்னோடதுதான்," என்றார் கோச். அந்தப் பருவம் முழுக்க கோல்டர் எறிந்தது ஏழே பந்து.

மே மாதம் கோச் வெல்டனைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் அடுத்த வருஷ ஆட்டத்துக்கான கோல்டரின் படிவம் கிடந்தது.

"வெல்டன், பிறந்த தேதி ஆகஸ்ட் இருபத்தெட்டு. சரிதானா?"

"சரிதான் கோச்."

"போட்டிருக்கிற வருஷமும் சரியா?"

எட்டிப் பார்த்தார். "சரிதான்."

"அப்ப செப்டம்பர் ஒண்ணாந்தேதிக்கு முன்னாடியே இவனுக்குப் பத்தொம்போது முடிஞ்சிடுது. மாநில விதிப்படி, முடிஞ்சவனை ஆட விடமாட்டாங்க."

"லெஸ்டர் மகன் ஆடினானே? அவனும் எட்டு ரெண்டு தடவைதான்."

"அவன் அஞ்சு வயசுல சேந்திருப்பான்யா."

வெல்டன் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். "நாலு நாள்தானே கோச்."

"நாலு நாள்தான். கேட்டுப் பாத்துட்டேன், முடியாதுன்னுட்டாங்க. நானும் முன்னாடியே பாத்திருக்கணும்."

அன்றைக்கு மத்தியானக் கிணறுகளை வெல்டன் பார்க்கவில்லை. பள்ளி விடும்வரை வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். கோல்டர் ஏறிக் கதவைச் சாத்தியதும் சொல்லிவிட்டார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று கேட்பான் என்று காத்திருந்தார். அவன் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

"இந்த வெள்ளிக்கிழமை என் பழைய கிளாஸ் பசங்களுக்குப் பட்டமளிப்பு," என்றான். "போயிட்டு வரேன்."

போனான். சின்னப்பிள்ளை வகுப்பில் தன்னோடு சேர்ந்தவர்கள் அங்கியும் தொப்பியுமாக ஒவ்வொருவராக மேடை ஏற, கீழே உட்கார்ந்து எல்லோருக்கும் கைதட்டிவிட்டு வந்தான்.

செவ்வாய்க்கிழமை வெல்டன் வேலை முடிந்து வந்தபோது கோல்டர் சமையலறையில் ஒரு காகிதத்தோடு இருந்தான். "கோடையில ரெண்டு பாடம் எடுத்தா பள்ளிக்கூடத்தை டிசம்பர்லயே முடிச்சுடலாமாம். ஜனவரியில காலேஜ்ல வெல்டிங் படிக்கப் போறேன்."

"குடு. எங்க கையெழுத்துப் போடணும்?"

"வேண்டாம்ப்பா. எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சு. நானே போட்டுக் குடுத்துட்டேன். இது நகல்."

வெல்டன் பூட்ஸைக் கழற்றக் குனிந்தார். ஒன்றைக் கழற்றிவிட்டு அப்படியே கேட்டார். "அந்தக் காலேஜ்ல டீம் இருக்கா?"

"இல்ல."

"சின்ன ஊருக் காலேஜ் எதுலயாச்சும் கேட்டுப் பாப்போமேடா. உன் மாதிரி எதிராளியைக் கணிக்கத் தெரிஞ்சவன்—"

"போதும்ப்பா."

குரலில் கோபம் இல்லை. நாள் முழுக்க வெயிலில் நின்று வந்த ஆளின் குரல்போல இருந்தது. வெல்டன் ஒற்றை பூட்ஸோடு எழுந்து போய் பீன்ஸை அடுப்பில் வைத்துவிட்டு, இரண்டு தட்டு எடுத்தார்.