மாதர் சங்கத்துக் கடிதங்கள்

சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் எங்கள் வீட்டைக் கம்பெனிப் பெண்களின் ஹாஸ்டலுக்கு வாடகைக்கு விடுவதற்காகக் காலி செய்துகொண்டிருந்தேன். மறைந்த அம்மாவின் பீரோவில், அவளுடைய மாதர் சங்கத் தோழிகள் எழுதிய கடிதங்கள் கட்டாகக் கிடைத்தன. பிரித்ததும் பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது.

அது அம்மாவின் பட்டுப்புடவை வாசனை. சங்கத் தலைவியான அவள் கூட்ட நாளில் மட்டும்தான் பட்டு கட்டுவாள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, ஏலக்காய் தட்டி டீ போடுவாள். பெண்கள் வந்ததும் வீடே சிரிப்பில் அதிரும். அவர்கள் வெளியூர் போனால்கூட "அன்புள்ள தலைவி அக்காவுக்கு" என்று கடிதம் போடுவார்கள்.

அப்பா இறந்த வருடம், ஆண்டுவிழாவுக்கு அம்மா வெளிர்நிறப் புடவையில் கிளம்பி நின்றாள். செயலாளர் சரோஜா அத்தை வந்து, சங்கத்தின் தீர்மானம் எழுதிய ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதக்கா. இந்த வாட்டி வேற யார்னா வெளக்கேத்தட்டும்னு எல்லாரும் சொல்றாங்கோ."

"நீ இன்னா சொன்ன சரோஜா?"

அத்தை படியிறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கு அம்மா விழாவுக்குப் போகவில்லை. அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. கடிதங்களும் நின்றுபோயின. அந்தக் கடைசிக் கடிதத்தையும் அவள் கிழிக்காமல் மற்றவற்றோடு சேர்த்துக் கட்டி வைத்தாள்.

சங்கத்தின் பொன்விழா மலருக்காகப் பழைய கடிதங்கள் வேண்டும் என்று சரோஜா அத்தையின் மகள் கேட்டாள். கடைசிக் கடிதம் உட்பட எல்லாவற்றையும் கொடுத்தேன். நேற்று மலர் வந்தது. அம்மாவின் படத்துக்குக் கீழே அச்சிட்டிருந்தார்கள்: "கணவர் மறைவுக்குப் பின் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார்."