ஏகாதசி லீவும் மில்லு நாளும்

வைகுண்ட ஏகாதசி அன்று உலகமே வேலையை நிறுத்திவிட்டு எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பி நிற்கும் என்று ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு நினைப்பு. என் பேத்திக்கும் உண்டு. அதனால்தான் அன்று காலை போன் வந்தபோது அவள் வாசலில் குனிந்து, கோலத்துக்குச் சாவகாசமாகக் கலர்ப்பொடி தூவிக்கொண்டிருந்தாள்.

அவள் திருச்சியில் ஒரு காலேஜில் சாப்பாட்டுப் பொருள் சம்பந்தமான படிப்பு படிக்கிறாள். வாரத்தில் பாதி நாள் காலேஜ், மீதி நாள் மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில், நெல்லைச் சோதிக்கிற லேபில் வேலை. சம்பளமும் உண்டு, அந்த வேலைக்கு மார்க்கும் உண்டு. முடிவில் மெட்ராஸிலிருந்து ஒரு சார் மில்லுக்கே வந்து கேள்வி கேட்பார். அவர் முன்னால் நிற்காவிட்டால் அத்தனை மாதம் மில்லில் நின்றது கணக்கில் சேராது. அடுத்த வருஷப் பிள்ளைகளோடு மறுபடியும் முதலிலிருந்து நிற்க வேண்டும்.

அந்தக் கேள்வி நாள் ஏகாதசியில் விழுந்திருந்தது. கலெக்டர் மாவட்டத்துக்கே லீவு விட்டதும், சார் வருவதும் தள்ளிப் போயிருக்கும் என்று இவளாகவே முடிவு செய்துவிட்டாள். நாங்களும் வீட்டில் தலையாட்டினோம்.

போனில் பேசியது மில்லு லேபைப் பார்த்துக்கொள்கிற அம்மா.

"எங்கடி இருக்கே? சார் வந்து உக்காந்திருக்காரு!"

"அக்கா, இன்னிக்கு லீவாச்சே!"

"லீவு ஒங்க ஊருக்கு. மெட்ராஸ்காரருக்கு என்ன தெரியும்? கூடப் படிக்கிற ரெண்டு பசங்களும் வந்துட்டானுங்க. அவனுங்கள முடிச்சிட்டு பகல் ரயிலுக்குக் கிளம்புறாராம். ஓடியா!"

பேத்தியின் முகம் வெளுத்துவிட்டது. கையைக்கூடக் கழுவவில்லை. வெள்ளைக் கோட்டைப் பையில் திணித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நானும் கூடவே இறங்கினேன்.

என் மொபெட் வீட்டில் இல்லை. ஏகாதசிக்கு முதல் நாளே தெருவுக்குள் வண்டி விட மாட்டார்கள் என்பதால், திருவானைக்காவலில் என் தங்கச்சி வீட்டில் நிறுத்தியிருந்தேன். அதுவரை நடந்தாக வேண்டும். ஊரே கோயிலைப் பார்த்து வருகிறது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிரே போகிறோம். கோவிந்தா கோவிந்தா என்று ஒரு கூட்டம் வந்து இடித்து எங்களையும் பின்னால் தள்ளிக்கொண்டு போனது. தடுப்புக் கட்டையிடம் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டினார்.

"பெரியவரே, தரிசனம் அந்தப் பக்கம்!"

"எங்களுக்கு இன்னிக்கு மண்ணச்சநல்லூர்லங்க தரிசனம்" என்றேன். அவர் சிரித்து வழிவிட்டார். இவள் சிரிக்கவில்லை.

ஏகாதசி லீவு என்பதை நான் வேலை செய்த காலத்தில் கண்டதே இல்லை. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியபோது அன்றைக்குத்தான் முதுகு ஒடியும். மறுநாள் துவாதசி, விரதம் முடிக்கிற வீட்டுக்கெல்லாம் அகத்திக்கீரை வேண்டும். ஒரு வருஷம் மழையில் நனைந்து வந்த கட்டு, தலையில் வைத்ததும் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி…

அதை அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

"தாத்தா, கீரைய நாளைக்குப் பேசிக்கலாம். கால எட்டிப் போடுங்க."

மொபெட் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. கொள்ளிடம் பாலத்தில் எதிரே பஸ் பஸ்ஸாக வந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து அவள் என் சட்டையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் முறுக்குங்க தாத்தா."

"இதுக்கு மேல முறுக்கினா கைப்பிடி கையோட வந்துரும் பாப்பா."

டோல்கேட்டில் நெல் லாரி ஒன்று குறுக்கே திரும்பி நின்றது. அது ஒதுங்கும்வரை அவள் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். அவள் மூச்சு என் பிடரியில் பட்டது.

மில்லுக்குள் நுழைந்ததும் அவித்த நெல் வாசனை. அந்த சார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லேப் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். லேப் அம்மா பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான் வண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"லீவுன்னு யாரும்மா சொன்னா?"

"கலெக்டர் சார்."

"காலேஜுக்குச் சொன்னாரு. மில்லுக்குச் சொன்னாரா? சம்பளம் வாங்குறல்ல?"

இவள் தலை குனிந்து நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தாள்.

"சார், வாரத்துல இன்னிக்கு எனக்குக் காலேஜ் நாளு. மில்லு நாளா இருந்தா, லீவு விட்டாலும் வந்திருப்பேன். நான் கேக்காம இருந்தது தப்புதான்."

அவர் லேப் அம்மாவைப் பார்த்தார்.

"மில்லு நாள்ல வராம இருந்ததில்ல சார். தீபாவளிக்கு மறுநாள்கூட வந்தா" என்றாள் அந்த அம்மா.

அவர் ஒரு செருப்பைக் கழற்றினார். பிறகு இன்னொன்றையும்.

"கோட்டப் போடு. ஒக்காந்து கேள்வி கேக்க நேரமில்ல. இப்ப வந்த லாரியில நெல்லு எடுத்து ஈரம் பாத்துக் காட்டு. செஞ்சுகிட்டே பதில் சொல்லு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உதடு அசைவதுதான் தெரிந்தது, என்ன கேட்டார், என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, மெஷின் சத்தம். ஒரு முறை அவள் எடுத்த நெல் மேஜையில் சிதறியது. அவர் ஏதோ எழுதினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். விரதத்தில் வெறும் வயிறு வேறு.

அவர் ஆட்டோ ஏறிப் போன பிறகு வெளியே வந்தாள். கோட்டு முழுக்க சிவப்பும் பச்சையும், விரல் விரலாகக் கோலப்பொடி.

"பாஸ் போட்டுட்டாரு தாத்தா. லேட்டா வந்ததுக்கு மார்க்க வெட்டிட்டாரு."

"எவ்வளவு?"

"நல்லாவே வெட்டிட்டாரு."

சரி வா போகலாம் என்று வண்டியைத் திருப்பினேன். உள்ளேயிருந்து லேப் அம்மா குரல் கொடுத்தாள்: "எங்க போறே? லாரி இன்னும் நாலு நிக்குது, ஆளு இல்ல. இன்னிக்குச் சம்பளம் போட்டுத் தரச் சொல்றேன், இருந்துட்டுப் போ."

இவள் என்னைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து கோயிலுக்குப் போவதாக இருந்தோம்.

"அம்மாகிட்ட சொல்லிடுங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றாமலே உள்ளே போனாள்.

வரும் வழியில் டோல்கேட்டில் அகத்திக்கீரை இரண்டு கட்டு வாங்கிக்கொண்டேன்.