படகுப் பாட்டு வெளிவந்த நாள்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் காலையில் ரேடியோ பாடும். சூளகிரியில் ஏறினால் ஓசூர் தொழிற்பேட்டை வரும்வரை பாட்டுதான். நடுவில் ஒரு பெண் குரல் வந்து, இதே நாளில் முன்பு என்னென்ன நடந்தது என்று சொல்லும். ஒரு பாடகர் பிறந்தது, ஒரு இசையமைப்பாளர் இறந்தது, ஒரு படத்தின் இசைத்தட்டு கடைக்கு வந்தது, எல்லாம் ஒரே தேதியில், வேறு வேறு வருடங்களில்.

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. ட்ரில்லிங் மெஷின் முன்னால் நின்றபடி அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். பாட்டு சம்பந்தமாக ஒன்றுமே நடக்காத தேதி என்று ஏதாவது உண்டா? ஒருவர் செத்த தேதியில்தான் நாம் பிறந்தோம் என்பது அந்தப் பாடகருக்குத் தெரிந்திருக்குமா? யாரிடமும் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

என் மனைவி பேரிகை ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிற வேலை செய்தாள். வேலைக்குச் சேரும்போது பிறந்த தேதி கேட்டிருக்கிறார்கள். எனக்காவது ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் ஒரு தேதி போட்டார். ஐந்தாவதோடு படிப்பு நின்றாலும் தேதி கூடவே வந்தது. அவள் பள்ளிக்கூடமே போகாதவள். பண்ணை கிளார்க் யோசிக்காமல் ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டார். தேதி தெரியாத எல்லாப் பெண்களுக்கும் அதே ஜனவரி ஒன்றுதான். மற்றவர்களுக்கு அவரவர் பிறந்தநாளில் கேக் வெட்டிக் கைதட்டுவார்கள். இவர்களுக்கு வருடப் பிறப்பன்று மொத்தமாக ஒரே கேக்.

"மந்தையில ஆட்டுக்கு மை வெக்கிற மாதிரி எல்லாருக்கும் ஒரே தேதிய வெச்சிட்டான் மாமா" என்றாள் ஒருமுறை. "எனக்குன்னு ஒரு நாளு இல்லாமயா பொறந்திருப்பேன்?"

அந்த நாளைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவள் பிறந்த அன்று பேரிகை டெண்டுக் கொட்டாயில் புதுப்படம் போட்டார்களாம். கொட்டாயின் குழாய் ஸ்பீக்கரில் அந்தப் படத்தின் படகுப் பாட்டு பாடிக்கொண்டிருந்தபோது என் மாமியாருக்கு வலி வந்ததாம். படத்தின் பெயர் மாமியாருக்கு நன்றாக நினைவிருந்தது. தேதிதான் இல்லை. ரேடியோக்காரப் பெண் என்றைக்காவது அந்தப் படத்தைச் சொல்லிவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

அதுவரை கடைசி சீட்டில் உட்கார்ந்தவன், டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டுக்கு மாறினேன். பஸ்ஸில் சும்மா விடுவார்களா?

"அண்ணன் முன்னாடி வந்துட்டாரு. ரேடியோப் பொண்ணு கொரலு மயக்கிடுச்சு."

"அண்ணிக்குச் சொல்லிடட்டுமா?"

டிரைவர் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். "சும்னிரப்பா, அவரு பாட்டு கேக்கட்டும்" என்று அவர்களை அடக்கி, சத்தத்தைக் கூட்டி வைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மழையும் வெயிலும் மாறி மாறிப் போயின. ஆடி மாதத்தில் ஒருநாள் அந்தப் படத்தின் பெயர் வந்தது. இதே நாளில்தான் படம் வெளிவந்தது என்று சொல்லி, படகுப் பாட்டையே போட்டாள். தேதியை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

மாலையில் பேக்கரிக்குப் போய்ச் சின்னதாக ஒரு கேக் கேட்டேன்.

"பேரு என்னண்ணா எழுதறது?"

பொண்டாட்டி பெயரைக் கடையில் நாலு பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணும் வேணாம், பூ மட்டும் போடுங்க" என்றேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தேதியை மூன்று நான்கு முறை சொல்லிப் பார்த்தாள். மாமியாரும் அப்போது வந்திருந்தார். அவர்தான் கேட்டார்.

"இது என்னா மாசம் மாப்ள?"

"ஆடி அத்தை."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மெட்ராஸ்ல போட்ட அன்னிக்கே பேரிகைக்கு வந்துடுமா? பெங்களூரு, சேலம், தருமபுரின்னு எல்லா ஊரும் ஓட்டித் தேச்சப்புறம்தான் படப்பொட்டி நம்ம கொட்டாய்க்கு வரும். இவ பொறந்தது நல்ல பனியில. ஊரெல்லாம் அவரைக்கா வாசம்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொட்டாய்க்குப் படம் தாமதமாக வரும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். எப்படி மறந்தேன்?

அவள் விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். பிறகு, "அவரைக்கா வாசம்னா மார்கழிதானே? அப்ப அந்தக் கிளார்க்கு போட்டதுகூடச் சரியா இருக்குமோ?" என்றாள்.

"இருந்தாலும் இருக்கும்" என்றார் மாமியார்.

"இருந்துட்டுப் போவட்டும். அது எனக்கு வேணாம்." கேக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பாட்டு எனக்கு மூத்தது, அவ்ளோதானே? அது பொறந்த நாளையே நான் எடுத்துக்கறேன். பண்ணையில வேற யாருக்கும் இந்த நாளு இல்ல."

கத்தியைக் கையில் எடுத்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இதே நாள்ல வேற யாரு மாமா?"

"ஒரு பாட்டுக்காரம்மா பொறந்திருக்காங்க. அப்புறம் புல்லாங்குழல் வாசிக்கிறவர் ஒருத்தரு இறந்திருக்காரு."

"செத்தவரு வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கேக்கை வெட்டினாள்.